மூன்றாம் அறையின் கீச்சொலி

நாள் 112 | 09:20
நிலாவின் மறுபக்க நிலையம். காற்றழுத்தம் சரி. ஆறு டிவிகளும் ஓடுகின்றன. எழுதுவது சவரிராயன், வயது 57, பராமரிப்பு. இங்குள்ள கதிர்வீச்சில் தட்டைத் திரைகள் ஒரே மாதத்தில் செத்துப்போகின்றன. பழைய படக்குழாய் டிவிதான் தாங்குகிறது. அதனால்தான் தூத்துக்குடியில் ரிப்பேர் கடை வைத்திருந்த என்னை ராக்கெட்டில் ஏற்றினார்கள். என்னோடு இருப்பது பாறை ஆராய்ச்சி செய்யும் கயற்கண்ணி மட்டும். கோவில்பட்டிப் பெண், 26 வயது. அவள் தூங்கும் மூன்றாம் அறையில் டிவி ‘கீ’ என்று கத்துகிறதாம்.

நாள் 112 | 16:05
படக்குழாய் டிவி என்றால் வினாடிக்கு 15,625 அதிர்வில் ஒரு கீச்சொலி இருக்கும். இளங்காதுக்குக் கேட்கும். எனக்கு நாற்பதிலேயே அது நின்றுபோனது. டிவியைப் பட்டறை மேசைக்குத் தூக்கி வந்தேன். காய்ந்த குச்சியால் டிரான்ஸ்பார்மரை நான் அழுத்த, கூடுகிறதா குறைகிறதா என்று அவள் சொன்னாள். அழுத்தினால் குறைந்தது. கரண்டை நிறுத்தி, படக்குழாயில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கி, அதன் தளர்ந்த கம்பிச் சுற்றுக்கு வார்னிஷ் விட்டேன்.

நாள் 113 | 10:30
டிவியைப் பழையபடி சுவரோரம் வைத்தாயிற்று. லேசாக இன்னும் கேட்கிறது என்றாள். ஒலி அளக்கும் மீட்டர் என்னிடம் உண்டு. எடுக்கச் சோம்பல். முப்பது வருடக் கடை வித்தை ஒன்று இருக்கிறது. பின்மூடியைக் கழற்றி, ரெண்டு நிமிடம் உள்ளே முறைத்துவிட்டு, மூடி, சரியாகிவிட்டது என்று அழுத்திச் சொன்னால் பாதி வாடிக்கையாளருக்குச் சத்தம் நின்றுவிடும். அதையே செய்தேன். அவளும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இப்போது இல்லை என்றாள். எனக்கு ஒரே பெருமை.

நாள் 119 | 14:10
மூன்றாம் அறைச் சுவர் விரிசல் விட்டது. கதவு தானாக அடைத்துப் பூட்டிக்கொண்டது. கயற்கண்ணி உள்ளே. காற்று முழுதாக இறங்க நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிடமும் கதவை ஸ்பானரால் அடித்தேன், பிறகு கையால் அடித்தேன். ஸ்பீக்கரில் வந்தது, பதிவில் உள்ளபடி:

“அண்ணாச்சி, அந்தச் சத்தம் நிக்கவே இல்ல. டிவிக்குப் பின்னாடி செவுத்துல இருந்துதான் வந்திருக்கு போல. நீங்க ரெண்டு நாளா கஷ்டப்பட்டீங்களேன்னு நின்னுட்டுன்னு சொல்லிட்டேன்.”

நாள் 119 | 19:40
மயிரிழைக் கசிவு. ஏழு நாளாக விசில் அடித்திருக்கிறது. கசிந்துபோன காற்றைச் சேமிப்புத் தொட்டி தானாக நிரப்பிக்கொண்டே இருந்ததால் அழுத்தமானி அசையவில்லை. டிவி மேசையில் இருந்தபோது, காலி அறையில் போய்க் கேட்டுப் பார் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கொன்றேன். என் மேல் தப்பில்லை, பதினொரு நாளில் கப்பல் வரும், தூங்குங்கள் என்கிறது பூமி.

நாள் 123 | 08:00
கேட்கிறது. ‘கீ’ என்று, மெல்லிசாக. இந்தக் காதுக்கு! மீதி ஐந்து டிவிகளையும் அணைத்தேன். நிற்கவில்லை. மீட்டர் பூஜ்யம். அழுத்தம் சரி. சுவரெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழ்கூட இல்லை. களைப்பு என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

நாள் 126 | 13:25
மூன்றாம் அறைக் கதவில் காதை வைத்தேன். அங்கிருந்துதான். காற்றில்லாத அறையில் ஒலி பிறக்காது. எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

நாள் 127 | 07:50
தூங்கவில்லை. வேளைக்கு வேளை கூடுகிறது. அவள் ஏழு நாள் இதற்குள்ளேயே படுத்துக் கிடந்தாள், என் மனம் கோணக் கூடாது என்று.

நாள் 128 | 11:15
ஸ்குரூடிரைவர், குச்சி, வார்னிஷ் எடுத்துக்கொண்டேன். விண்வெளி உடை மாட்டினேன். தலைக்கவசம் போட்டதும் சத்தம் கேட்கவில்லை. கேட்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றி வைத்துவிட்டேன்.

11:32
மூன்றாம் அறைக் கதவின் காற்று வால்வை ஸ்பானரால் பாதி திறந்தாயிற்று. காது அடைக்கிறது. ஸ்பானர் கீழே விழுந்தது, ஓசை வரவில்லை. இது மட்டும் தெளிவாக

11:34
கப்பலில் வருகிறவர்களே, இங்கே காற்று இருக்காது. தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். கழற்றினால் உங்களுக்கும் கேட்