புழு டப்புக்கு அடியில் உப்பு

மரக்காணம்,
நவம்பர் 9.

ஜெர்லின் அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்களுக்குக் கை நடுக்கம் குறைந்ததா, சோறு இறங்குகிறதா என்று எழுதுங்கள். அந்தக் குடிமறப்பு இல்லத்தில் போன் தரமாட்டார்களாம், அதனால் இந்தக் கடிதம். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் வேலை இல்லை. உப்புக் குவியலை எல்லாம் கீற்றுப் போட்டு மூடிவிட்டார்கள். ஜெர்லின் கணக்கில் எழுபத்திரண்டு வாங்கியிருக்கிறாள், உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

இனிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோழிக்குப் போடவென்று நீங்கள் கோதுமைத் தவிட்டில் வளர்த்தீர்களே, அந்தப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் இருந்த புழுக்கள் அத்தனையும் செத்துவிட்டன. கொன்றது நான்தான்.

திங்கட்கிழமை எறும்பு சாரை சாரையாக டப்பில் ஏறியது. டப்பு நிற்கிற ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மீனுக்கும் உப்பு, காயத்துக்கும் உப்பு, வாசலில் பூரான் வந்தாலும் உப்பு என்றே வளர்ந்தவள். அளத்திலிருந்து கொண்டுவந்த உப்பில் அரை மூட்டையைத் தரையில் கொட்டி, டப்பை இறக்கி அதன்மேல் உட்கார வைத்தேன். எறும்பு நின்றது. நான் கெட்டிக்காரி என்று ஜெர்லினிடம் பீற்றிக்கொண்டேன்.

மூன்று நாள் விடாத மழை. ஈரக் காற்றில் நம் உப்பு எப்படித் தண்ணீர் விடும் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அதை மிதிக்கிறேன். அன்றைக்குப் புத்தி போகவில்லை. காற்றுக்காக டப்பின் அடியில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டிருந்தீர்களே, அது வழியாக உப்புத் தண்ணீர் ஊறித் தவிடு களியாகிவிட்டது. வியாழக்கிழமை திறந்தால் நாற்றம். மேலே பச்சைப் பூசணம், கீழே புழுக்கள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. கோழிக்குப் போடலாமா என்றாள் ஜெர்லின். பூசணம் பிடித்ததைப் போடக்கூடாது என்று பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். அந்தச் சனியன் பிடித்த கோழிகள் போய்க் கிளறுகின்றன, மேலே கல் வைத்திருக்கிறேன்.

மறுநாளே இல்லத்திலிருந்து பிரதர் ஆண்ட்ரூஸ் போன் செய்தார். “உங்க வீட்டுக்காரர் போயே ஆவணும்னு நிக்கிறாருங்க. புழு வளர்ப்பு பாழாப் போயிடுமாம். நீங்க ஃபார்ம்ல கையெழுத்து போட்டீங்கன்னா அனுப்பிடுறோம்” என்றார். நேற்று அந்தத் தாளும் தபாலில் வந்துவிட்டது.

என் தம்பி மரியதாஸ், “கிளியனூர்ல போயி வேற புழு வாங்கியாந்து கொட்டிடுறேங்க்கா, மாமாவுக்குத் தெரியவா போவுது” என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வீட்டில் உங்கள் பொய்யே போதும், என் பங்கு வேறு எதற்கு?

ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். பிரதர் போனை வைத்ததும் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. புழுவும் இல்லை, இனி எதைச் சொல்லி வெளியே வருவீர்கள் என்று நினைத்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் ஆறு மணியானால் கடைப்பக்கம் நடக்கிற கால், புழு வந்த பிறகு டப்புக்கு முன்னால் மடங்கி உட்கார்ந்ததே. உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அரிந்து போடுவீர்கள், தோலுரித்த புழுவைக் கையில் எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுவீர்கள். நான் அருவருப்பில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாலும் காது அங்கேதான் இருக்கும். நாற்பத்தொரு நாள் அப்படி ஓடியது. அந்தக் காது குத்து விருந்துக்குப் போய் மறுபடி குடிக்காமல் இருந்திருந்தால்! ஆறு மணிக்கு உங்களைப் பிடித்து வைத்திருந்ததை நானே கொன்றுவிட்டு, நீங்கள் வந்தால் எதைக் காட்டி உட்கார வைப்பேன் என்று பயமாக இருக்கிறது.

அலமாரி மேல் இருந்த சின்ன டப்பில், புழு முற்றி வண்டானதே, அந்தக் கறுப்பு வண்டுகள் தப்பித்திருக்கின்றன. பதினொன்று. முட்டை வைத்தனவா, குஞ்சுப் புழு வருமா, எனக்குத் தெரியவில்லை. தினமும் கேரட் போடுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு.

போன முறை நான்தான் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டாம் நாள், பிள்ளை ஞாபகமாக இருக்கிறது என்று அழுதீர்கள். பிள்ளை பஸ் ஸ்டாப்பில் யூனிபாரத்தோடு இருட்டும்வரை நின்றாள். நீங்கள் திண்டிவனத்தில் பஸ் மாற இறங்கியவர், இரண்டு நாள் கழித்து ஒற்றைச் செருப்போடு வந்தீர்கள்.

இன்றைக்கு உங்களுக்கு முப்பத்து நான்காம் நாள். தொண்ணூறு ஆகட்டும். அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பிரதரிடம் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் வேண்டாம். இதை ஒரு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன், வேண்டாம்.

என்மேல் கோபம் வரும். நன்றாக வரட்டும். ராட்சசி, புழுவைக் கொன்றவள், புருஷனைப் பூட்டி வைத்தவள் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அங்கேயே இருந்து சொல்லுங்கள். ஆரோக்கிய மாதா உங்களை அந்த இரும்புக் கேட்டுக்கு உள்ளேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உங்கள்
அமலோற்பவம்