அழுத்தி நிரப்பிய நெல்

புனே,
ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, இலக்கியா எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நெல்லின் ஈரம் பார்க்கும் மெஷின்களைச் சோதிக்கிற வேலை இங்கே. முதல் நாளே ஒரு கூத்து. நீ மரக்காலில் அளப்பதுபோல் கிண்ணத்தில் நெல்லைக் குலுக்கி அழுத்தி நிரப்பினேன். ஈரம் பத்தொன்பது என்றது. அதே நெல்லை வேலை சொல்லித்தரும் சார் தளர்வாகக் கொட்டினார், பதினாறு. மெஷின் நெல்லுக்குள் மின்சாரம் விட்டுத்தான் ஈரத்தைக் கணிக்கிறதாம். நெருக்கி அடைத்தால் காய்ந்த நெல்லையும் ஈரம் என்றுவிடுமாம்.

போன தையில் கொள்முதல் நிலையத்தில் கிண்ணத்தை வாங்கி நீதானே நிரப்பினாய்? “குடுக்கற அளவு கொறையக் கூடாதுங்க” என்று தட்டித் தட்டி அழுத்தினாய். ஈரம் பதினேழுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். அன்றைக்கே மழை. நெல் மூட்டையிலேயே முளைத்தது, குத்தகை கட்ட முடியாமல் வயலும் கைவிட்டுப் போனது.

நம் நெல் காய்ந்துதான் இருந்தது அம்மா. உன்னைக் குறை சொல்லவில்லை. யாரைச் சொல்வது என்றே தெரியவில்லை.

தா.பழூர் போனால் கூரியரில் நம் வீட்டு மிளகாய்த்தூள் அனுப்பு. இங்கே குழம்பு வாயில் வைக்க முடியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. தினமும் தளர்வாகத்தான் கொட்டுகிறேன். யாருக்கோ குறைத்து அளப்பதுபோல் கை கூசுகிறது.

உன் இலக்கியா