நிலாவின் அப்பா நான்தான்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. நான் வேலை பார்க்கும் உரக்கடையில் அரை நாள் லீவு சொன்னேன். நிலாவுக்கு செஞ்சியில் தெரபி. பையில் தண்ணீர், முறுக்கு, மாற்று உடை. அவளுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுக்க மறந்தேன்.

அவலூர்பேட்டை பஸ்ஸில் அமைதியாகத்தான் வந்தாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பக்கத்து வண்டி ஏர் ஹாரன் அடித்தது. காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து ஒரே அலறல். ஏழு வயதுப் பிள்ளை, நல்ல கனம். தூக்கிக்கொண்டு ஓடினேன். தோளில் கடித்தாள்.

பின்னாலிருந்து ஒருவன் சட்டையைப் பிடித்தான். கொய்யாப்பழ வண்டிக்காரன்.

"எவன்டா நீ? பாப்பாவ எங்க தூக்கினு ஓடுற?"

"என் பொண்ணுங்க."

"உன் பொண்ணுன்னா இன்னாத்துக்கு இப்டி கத்துது?"

கூட்டம் கூடிவிட்டது. ஒரு அம்மா குனிந்து நிலாவிடம் கேட்டாள், "பாப்பா, இவரு உன் நைனாவா? சொல்லுமா."

நிலா எங்கேயோ பார்த்தாள். அவளுக்குப் பேச்சு வராது. ஆட்டிசம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை. கொய்யா வண்டிக்காரன்தான். போனைப் பிடுங்கினார்கள். அதெல்லாம் பரவாயில்லை. என் கையிலிருந்து அவளை இழுத்தார்கள். அதை மட்டும் தாங்க முடியவில்லை.

போலீஸ்காரர் வந்து போனிலிருந்த படங்களைப் பார்த்தார். என் மனைவி சுமதியிடம் பேசினார். அப்புறம்தான் விட்டார்கள். கூட்டம் கலைந்தது. ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூன் 10

வேலைக்குப் போகவில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோ. 'செஞ்சியில் பிள்ளை பிடிக்கிறவன் சிக்கினான்.' நான் கையெடுத்துக் கும்பிடுவது தெளிவாகத் தெரிகிறது. முதலாளியே போன் செய்து, "இன்னாப்பா இது, நீயா?" என்றார்.

நிலா சோறு தொடவில்லை. செருப்பைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

"இனிமே வெளிய கூட்டிட்டுப் போக வேணாம்" என்றேன்.

"அப்ப ஆயுசுக்கும் பூட்டி வச்சிடலாமா?" சுமதி கேட்டாள்.

ஜூன் 12

சாயங்காலம் தெரபி டீச்சர் பெற்றோரை அழைத்திருந்தார். மழை வருவது போல் இருந்தது, வரவில்லை. ஒரு அம்மா: "நாலு வருஷமா ஒரு கல்யாணத்துக்கும் போனதில்ல." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டிசம் பற்றி நோட்டீஸ் அடிக்கலாம் என்றார் டீச்சர். பஸ் ஸ்டாண்டில் யார் கொடுப்பது? "நான் தரேன்" என்று என் வாய்தான் சொன்னது. ஏன் சொன்னேன்?

ஜூன் 14

நோட்டீஸ் சுமதி எழுதினாள். நான் சேர்த்த 'தயவுசெய்து' எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். "நாம இன்னா பிச்சையா கேக்குறோம்?"

தூக்கம் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

புழுக்கம். மூவரும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நிலா காதில் சத்தம் தடுக்கும் ஹெட்போன், சுமதியின் கையை விடவே இல்லை. முதல் பத்துப் பேர் வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்கள். ஒருத்தர் அதைச் சுருட்டிப் பல் குத்தினார்.

கொய்யா வண்டி அதே இடத்தில். அவனுக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நோட்டீஸை நீட்டினேன்.

"எனுக்குப் படிக்க வராது. நீயே சொல்லு."

சொன்னேன். சத்தம் ஏன் தாங்காது, கூப்பிட்டால் ஏன் திரும்பமாட்டாள், அது வளர்ப்பின் குற்றம் இல்லை, எல்லாம். அவன் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என் தங்கச்சிக்கு ஒரு பொண்ணு. ஆறு வயசு. இதே மாரிதான். பேய் புடிச்சிருக்குதுன்னு கோயில் கோயிலா இட்டுனு போறாங்க." குரல் இறங்கிவிட்டது. "வூட்ட வுட்டு ஓடுதுன்னு கால்ல கயிறு கட்டி வச்சிகீறாங்க. நீ வந்து சொல்வியா? நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

"எந்த ஊரு?"

"மண்டகப்பட்டு."

அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கோபம் போகவில்லை, அப்படியே இருக்கிறது. டீச்சருக்குப் போன் செய்தேன், வருகிறேன் என்றார். நாளைக் காலை மண்டகப்பட்டுக்கு முதல் பஸ். அவனும் வருகிறான்.