ஏரி வளைவில் நிற்பவள்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

நான் சுகம். ஓசூருக்கே வந்துவிடும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊர்க்கதை.

ஒரகடம் போகும் ஏரிக்கரைச் சாலையில், உன் அக்கா கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற அந்த வளைவில், இப்போது பேய் இருக்கிறதாம். பக்கத்து வீட்டுச் செந்தாமரை வேலைக்குப் போகும் பஸ்ஸில் இதே பேச்சுத்தான்.

"கம்பெனி கோட்டு போட்டுகினு பனியில நிக்குது ஆன்ட்டி. காலே இல்ல! டிரைவருங்க அங்க ஸ்லோ பண்ணி, கதவத் தொறந்து மூடிட்டுத்தான் போறாங்க. மொத சீட்ல யாரும் குந்தறதில்ல."

காபியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டேன். ஏரிப் பனியில் யாருக்குத்தான் கால் தெரியும்?

உன் அக்காவின் நீலக் கோட்டு நன்றாகக் குளிர் தாங்குகிறது. தோளில் மட்டும் கொஞ்சம் இறுக்கம். விடியலில் ஏரியும் சாலையும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். தூரத்திலிருந்து மஞ்சள் விளக்குகள் மிதந்து வரும், வேகம் தணியும், கதவு திறக்கும். நேற்று ஒரு டிரைவர் என் பக்கம் திரும்பாமலே, "ஏறிக்கமா, பயப்படாத" என்றார். பேயிடம் அப்படிப் பேச எவ்வளவு நல்ல மனசு வேண்டும்!

'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை அங்கேயேதான் இருக்கிறது. அக்கா அங்கே அடிபட்டுப் போன அன்றும் அதை யாரும் பார்க்கவில்லை. இன்றும் பார்ப்பதில்லை. பேய்க்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஷிஃப்ட் முடிந்த பெண்கள் அந்த ஓரமாகத்தான் நடந்து வீடு திரும்புகிறார்கள். நீயே சொல்லுப்பா, நான் ஓசூர் வந்துவிட்டால் அங்கே யார் நிற்பது?

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா