யாரிடமும் சொல்லாதே என்றீர்கள், சொல்லிவிட்டேன்

என் டி.டி.ஆர் அப்பாவுக்கு, உங்கள் சுமதி எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மழைக்கு முன்னால் நம் தெருவைத் தோண்டிப் போட்டார்கள், இன்னும் மூடவில்லை. நீங்கள் நட்ட கறிவேப்பிலை பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிவிட்டது, அவர்கள் பறித்துக்கொள்கிறார்கள்.

இப்படியே பேசி நான் விஷயத்தைத் தள்ளிப் போடுகிறேன் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ரயிலில் டிக்கெட் இல்லாதவன்தான் முதலில் சிரித்துக்கொண்டே "சாப்டீங்களா சார்?" என்று கேட்பான் என்பீர்களே. சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை வியாழக்கிழமை மீறிவிட்டேன். பத்மநாபன் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கடையில் மாட்டப் போகிறேன், இனி ஊருக்கே தெரியப் போகிறது. கோபப்படுங்கள். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பக்கத்தில் நின்று படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா?

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பர். என் ஜெராக்ஸ் கடைக்கு நவம்பர்தான் திருவிழா. சேலையூரில் இருக்கிற பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும், படப்பையிலிருந்துகூட பஸ் பிடித்து, லைஃப் சர்டிபிகேட் போட வருவார்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கத்துக்குக் கட்டைவிரலை வைத்துச் சொல்ல வேண்டும். கடையில் வேலை நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அவர்கள் நம்பரைத் தட்டுவேன். "ஓடிபி வந்துச்சா அங்கிள்? சொல்லுங்க" என்பேன். அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆறு எண்ணையும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்வார்கள். நான் அடிப்பேன், முடிந்தது, அடுத்த ஆள். "சுமதி கடையில சட்டுனு முடிஞ்சிரும்" என்று பெயர் எடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

நீங்களும் வந்தீர்கள். மகள் கடை என்று முன்னால் வராமல் வரிசையில் நின்றீர்கள். நான் கேட்டேன், நீங்களும் கத்திச் சொன்னீர்கள்.

அடுத்த வாரம் உங்களுக்கு அந்த போன் வந்தது. பென்ஷன் ஆபீசிலிருந்து பேசுகிறோம், உங்கள் சர்டிபிகேட் ஏறவில்லை, இந்த மாதம் பென்ஷன் நின்றுவிடும், ஒரு நம்பர் அனுப்புகிறோம் என்றார்களாம். வந்த நம்பரை நீங்கள் சொன்னீர்கள். மூன்று முறை சொன்னீர்கள். காலமெல்லாம் ரயிலில் நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்த டெபாசிட் அந்தப் பகலிலேயே போய்விட்டது.

சாயங்காலம் கடைக்கு வந்தீர்கள். எதிரில் ஒன்பது பேர் நின்றார்கள். "அப்பா, ரெண்டு நிமிஷம், உக்காருங்க" என்றேன். அந்த நீல ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். நான் தலை நிமிர்ந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று வீட்டுக்கு வந்தும் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை அப்பா? எனக்கே இன்னும் தெரியவில்லை.

நான்காம் நாள் மொட்டை மாடிக்கு நான் துணி எடுக்க வந்தபோதுதான் சொன்னீர்கள். வங்கிக்கு ஓடினேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும் என்றார்கள். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன், நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. மாடியில் நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

"உன்ன மாதிரியேதாம்மா கேட்டான். ஓடிபி வந்துச்சா அங்கிள், சொல்லுங்கன்னு."

நீங்கள் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னீர்கள். பிறகு என் கையை இழுத்து உங்கள் கைமேல் வைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட. ஆளப் பாத்தே புடிச்சவன் நான். என்னையே ஒருத்தன் புடிச்சிட்டான்னு தெரிஞ்சா..." என்று நிறுத்திவிட்டீர்கள். நான் சத்தியம் செய்தேன். பொங்கல் முடிந்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். மாரடைப்பு என்று எல்லாருக்கும் சொன்னோம். அது பொய்யில்லை. வங்கிக் காகிதங்களில் நான் காட்டிய இடத்தில் எல்லாம் அம்மா ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு கடையை மாற்றினேன். ஸ்டூல் இருந்த இடத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டேன். ஒரு பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பெரிய எழுத்தில் பலகை வைத்தேன்: "இங்கே ஓடிபி கேட்க மாட்டோம். படித்துப் பார்த்து நீங்களே அடியுங்கள்." விசைப்பலகையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை பத்து நிமிஷம் ஆயிற்று. பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். "என்னம்மா வீம்பு இது? எனக்குக் கண்ணு தெரியல, நீயே அடிச்சா என்ன?" என்று சண்டைக்கு வந்தார்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் தனம் அக்கா ஒருநாள் ஒரு கேள்வி கேட்டாள். "கேஸ் சிலிண்டர்காரன் வந்து நம்பரு கேட்டா சொல்லணும்ன்ற. பேங்குகாரன் கேட்டா சொல்லக் கூடாதுன்ற. ரெண்டும் அதே போன்லதான வருது? நான் இன்னா பண்றது, சொல்லு." அவள் கேட்டது நியாயம். நம்பரைக் கேட்டே பழக்கியது நாங்கள்தான். மருந்துக் கடையில் பாயிண்ட் ஏற்ற, துணிக் கடையில் பில் போட, எல்லா கவுண்டரிலும் அவர்களைக் கத்திச் சொல்ல வைத்தோம். பிறகு திருடன் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள் என்றால் எப்படி? அன்றே மருந்துக் கடைக்காரரிடம் போய்ப் பேசினேன், கேட்பதை நிறுத்தினார். மளிகைக் கடைக்காரர் சிரித்தார். "திடீர்னு உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். காரணத்தைச் சொல்ல முடியாதே.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பதினொன்றரை இருக்கும். உங்களோடு பூங்காவில் நடப்பாரே, தபால் ஆபீசில் இருந்து ரிடையர் ஆன பத்மநாபன் சார், அவர் வந்தார். வாசலிலேயே அரசியல் பேச ஆரம்பிக்கிறவர் அன்று நேராக உள்ளே நுழைந்தார். ஆதார் அட்டையையும் டெபாசிட் ரசீதையும் மேஜைமேல் வைத்து, "ரெண்டு காப்பிம்மா" என்றார். சட்டைப் பைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்த போன் வெளிச்சமாக இருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பதினாறு நிமிஷம் என்று காட்டியது.

"உக்காருங்க அங்கிள், மெஷின் சூடாகணும்" என்று பொய் சொன்னேன். பையிலிருந்து ஒரு குரல் வந்தது. "யார் அது? எவ்வளவு நேரம்? அடுத்து பேங்க் போகணும், ஞாபகம் இருக்கா?" அவர் உட்காரப் போனவர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்று, "இருக்கு சார்" என்றார். பையில் இருக்கும் குரலுக்கு எழுந்து நிற்கிறார் அப்பா! ஆபீசர் பேசினால் உட்காரக் கூடாது என்று ஊறிப்போன உடம்பு. நீங்களும் அன்று நின்றுகொண்டேதான் பேசினீர்களா?

வாயைத் திறந்தால் அவனுக்குக் கேட்டுவிடும். ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன்: "இது மோசடி. போனை வைத்துவிடுங்கள்." தலையை ஆட்டி மறுத்தார். பேனாவை வாங்கி, தன் அழகான கையெழுத்தில் கீழே எழுதினார்: "போலீஸ் அதிகாரி. என் ஆதாரை வைத்து யாரோ அனுப்பிய பார்சலில் வழக்கு. யாரிடமும் சொல்லக் கூடாது."

யாரிடமும் சொல்லக் கூடாது. அந்த மூன்று வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாடியில் நீங்கள் சொன்னதும் அதுதான். அவனும் அதைத்தான் சொல்லிவைத்திருக்கிறான். வாசலிலிருந்து பத்து அடி தூரத்தில் பேங்க். இவர் எழுந்து நடந்தால் முடிந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தால் என்னையும் அந்த வழக்கில் சேர்த்து நினைப்பார். பலகையும் பூதக்கண்ணாடியும் இப்போது எதற்கு உதவும்? என்னிடம் மிச்சம் இருந்தது உங்கள் ரகசியம் ஒன்றுதான்.

மன்னித்துவிடுங்கள் அப்பா. அதே தாளில் எழுதினேன்: "எங்கள் அப்பாவையும் இப்படித்தான் ஏமாற்றினார்கள். டெபாசிட் முழுக்கப் போயிற்று."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எல்லாவற்றையும் மறந்து வாய்விட்டே கேட்டுவிட்டார். "டி.டி.ஆரையா? அவரையேவா?"

"யார்கூட பேசறீங்க?" என்று குரல் சீறியது. "உங்க வீட்டு வாசல்ல ஜீப் நிக்குது. இப்பவே உங்க மனைவியக் கூட்டிட்டுப் போயிடுவோம்." அவர் முகம் வெளுத்துவிட்டது. மாமி வீட்டில் தனியாக இருக்கிறார். பத்மநாபன் சார் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலெடுத்து வைத்தார். போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

ரீசார்ஜ் செய்ய நின்றிருந்த ஆட்டோ செல்வம் அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தான். தாளைப் படித்தான். "இன்னா சார், ஜீப்பா? நான் போய் பாத்துக்கினு வரேன். உங்க வூட்டாண்ட எவன் நிக்கிறான்னு பாத்துடலாம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினான். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. அந்த நான்கு நிமிஷமும் குரல் விடாமல் மிரட்டியது. பத்மநாபன் சார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம்" என்று கெஞ்சினார். பிறகு என் போன் அடித்தது. "அக்கா, ஜீப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. மாமி கீரை ஆய்ஞ்சிக்கினு கீது."

"நீங்களே கட் பண்ணுங்க அங்கிள்" என்றேன். நான் தொடவில்லை. அவர் போனை எடுத்து, "சார், வச்சிடட்டுமா சார்?" என்று அவனிடமே அனுமதி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் அவர் கட்டைவிரலே சிவப்புப் பொத்தானை அழுத்தியது. உடனே திரும்ப அடித்தது. மறுபடி அடித்தது. ஏழு தடவை அடித்து ஓய்ந்தது. செல்வம் வந்ததும் மூன்று பேரும் பேங்குக்குப் போய்க் கணக்கை நிறுத்திவைத்தோம். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தோம். பணம் எதுவும் போகவில்லை.

திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "நீ மோசடின்னு எழுதினப்ப நான் நம்பலம்மா. டி.டி.ஆரே ஏமாந்தார்னு எழுதின பாரு, அப்பதான் மூச்சு வந்துச்சு. அவருக்கே நடந்திருக்குன்னா நான் ஒண்ணும் முட்டாள் இல்லயே?" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மனுஷன். தினம் காலைல ஒண்ணாதான நடந்தோம்" என்று அழுதார்.

அம்மாவிடமும் அன்று சொன்னேன், வெளியிலிருந்து விஷயம் அவள் காதுக்கு வந்து சேரும் முன்னால். "அப்ப நாலு நாள் அந்த மனுஷன் ரசத்தத் தொடல. உப்பு கூடிப்போச்சோன்னு நெனச்சேன்டி நான்" என்றாள். அப்புறம் உங்களையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள். திட்டி முடித்து, "எழுதி கடையில மாட்டு" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். மருந்துக் கடைக்காரர் ஒரு காப்பி கேட்டிருக்கிறார். சிரித்த மளிகைக் கடைக்காரரும் நேற்று வந்து, தனக்கும் ஒரு காப்பி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களுக்கு இது அவமானம் அப்பா, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஏமாந்தது உங்கள் தப்பில்லை. உங்களை அப்படிப் பழக்கியது என் கவுண்டர். அதையும் இந்தத் தாளில் போட்டுத்தான் மாட்டுகிறேன்.

பழைய சத்தியம் போயிற்று, புதிதாக ஒன்று செய்கிறேன். என் கடையில் வந்து உட்காருகிறவர் எழுந்து போவதற்கு முன்னால், என்ன விஷயம் என்று நான் கேட்டுவிடுவேன். வரிசையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கட்டும்.

அன்று ரெண்டு நிமிஷம் என்று சொன்ன,
உங்கள் மகள் சுமதி