எண்பது சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம்

செப்டம்பர் 9, 2014, செவ்வாய்

வேட்பாளர்களின் குறிப்புத்தாள்கள் வந்துவிட்டன. அக்டோபர் ஏழாம் தேதி தீயணைப்பு நிலையக் கூடத்தில் வேட்பாளர் கூட்டம். மேடையில் நின்று அறிமுகம் செய்வது இந்த வருஷமும் நான்தான். பத்தொன்பதாவது வருஷம். ஆளுக்கு எண்பது சொல், அதற்கு மேல் ஒன்றுகூட அனுமதி இல்லை. அவர்கள் எழுதி அனுப்பும் அடைமொழிகளைப் பென்சிலால் அடிப்பது என் வேலை. ‘நேர்மையான’ போகும், ‘அயராத’ போகும், ‘அன்புக் கணவர்’ வெறும் ‘கணவர்’ ஆவார். வெர்னா ஸ்டக்கி யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று செத்துப்போன என் இரண்டாவது கணவருக்கே தெரியாது.

ஐந்து கவுண்டிகள் சேர்ந்த எங்கள் மாவட்டத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரே ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ரசல் ஹால்டேன், இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர். எதிர்த்து மொரீன் டியர்னி. ஓஹையோவில் நீதிபதி பெயருக்குப் பக்கத்தில் கட்சி போடுவதில்லை. பாதிப் பேர் கூட்டத்தில் கேட்டதை வைத்து ஓட்டுப் போடுகிறார்கள், மீதிப் பேர் பெயரின் ஓசையை வைத்து.

ஹால்டேன் தாளில் முதல் வரி: பதினாறு வருஷம் அரசு வழக்கறிஞர். ஆட்களைச் சிறைக்கு அனுப்பிய பதினாறு வருஷம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

என் மகன் லோரனின் மேல்முறையீடு அந்த நீதிமன்றத்தில்தான் கிடக்கிறது.

செப்டம்பர் 13, சனி

சிறைக்குப் போய்வந்தேன். மெலிந்திருக்கிறான். பதினொரு வருஷத் தண்டனையில் ஒன்றரை முடிந்திருக்கிறது. இயந்திரத்தில் வாங்கிய பர்கரைத் தின்றுகொண்டே, “உன் மேடை ஜோலி எப்பம்மா? இந்தத் தடவையும் யாரையாச்சும் அழ வைப்பியா?” என்றான். ஒருமுறை ஷெரீப் வேட்பாளருக்கு எழுபத்தொன்பது சொல்தான் தேறியது, அவர் முகம் வாடிப்போன கதை. சிரித்தோம். காருக்கு வந்து அழுதேன்.

செப்டம்பர் 25, வியாழன்

லோரனின் இப்போதைய வக்கீல் புரூயிட் தொலைபேசியில் பேசினார். சின்ன வயசுக்காரி, வேகமாகப் பேசுவார்.

“மார்ச்ல விசாரணைக்கு வரும் வெர்னா. மூணு நீதிபதி. அதுல ஒருத்தர் நவம்பர்ல ஜெயிக்கிறவரு.”

நம் தரப்பு நியாயம் ஒன்றே ஒன்று. பக்கத்துக் கவுண்டியில் மருந்துக்கடையில் முகமூடிக்காரன் கொள்ளையடித்த நேரத்தில், லோரன் நாற்பது மைல் தள்ளி, என் அடுத்த வீட்டு ஆர்விலின் நிலவறையில் தண்ணீர் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். ஆர்வில் விளக்குப் பிடித்தார். ஆனால் அப்போதிருந்த வக்கீல் ஆர்விலின் பெயரைச் சாட்சிப் பட்டியலில் மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தார். விசாரணை நீதிபதி ஆர்விலை வாயே திறக்கவிடவில்லை. மிஞ்சியது நான். அரசு வழக்கறிஞர் ஜூரியைப் பார்த்துக் கேட்டார்: “ஒரு தாய் வேற என்ன சொல்லுவா?”

புரூயிட் ஒன்று சொன்னார்: “மறு விசாரணை மட்டும் கிடைக்கட்டும். நீங்க யாருன்னு ஜூரிக்குச் சொல்றேன். பத்தொன்பது வருஷமா எந்தப் பக்கமும் சாயாத மனுஷி. முதல் வக்கீல் அதைக் கேக்கக்கூட இல்லையே!”

முதலில் அது கிடைக்க வேண்டுமே. ஹால்டேன் உட்கார்ந்திருந்தால் கிடைக்குமா? பதினாறு வருஷம் அந்தப் பக்க மேசையில் இருந்தவர்.

அக்டோபர் 2

இரண்டு தாள்களையும் எண்ணினேன். எண்பது, எண்பது. மறுபடி எண்ணினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

என்ன செய்தேன் நான்?

முறையாக எழுதுகிறேன். நீதிபதிகள் எப்போதும் கடைசி. கூட்டம் கலையத் தொடங்கும். பின்வரிசையில் யாரோ கத்தினார்கள், “நீதிபதிங்க வந்தாச்சு, ஆப்பிள் கேக்கை வெட்டுங்கப்பா!” வழக்கம்போலச் சிரிப்பு. காசு சுண்டினேன், ஹால்டேன் முதலில். எண்பது சொல் படித்தேன். அவர் பேசினார், வறட்டுக் குரல். சிறைத்தண்டனை பற்றி ஒரு கேள்வி வந்தது. “என் முன்னால வரக்கூடிய விஷயம், நான் பேசக்கூடாது” என்றார். அது விதி. டியர்னியும் அதையேதான் சொல்வார் என்று தெரியும். இருந்தாலும் அந்த முகம்! கதவைச் சாத்தின மாதிரி.

கூட்டம் தொடங்கும் முன் ஒன்று பார்த்திருந்தேன். ஆர்வில் டியர்னியைப் பிடித்துவைத்துத் தன் தக்காளிச் செடிக்கு வந்த நோயைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். கோழி சாண்ட்விச் ஆறிப்போனது. அந்தம்மா நகரவில்லை. ஆர்விலை ஒருவராவது பேச விட்டார்.

டியர்னிக்கு எண்பது சொல் படித்து முடித்தேன். தாளை மடித்தேன். உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது: “எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இவங்க யார் பேச்சையும் கடைசிவரை கேக்கிறவங்க.”

முள்கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. எழுந்து போனவர்கள் திரும்பி நின்றார்கள். பத்தொன்பது வருஷத்தில் நான் என் சொந்த வாக்கியம் ஒன்றைச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் ஹால்டேன் நாற்காலி மடித்துக்கொண்டிருந்தார், எப்போதும் மடிப்பார். நானும் மடித்தேன்.

“எனக்கு எண்பது” என்றார். “எண்ணிட்டுதான் இருந்தேன்.”

அடுத்த நாற்காலியை எடுத்து மடித்தேன்.

“உங்களுக்கு ஏதோ பெரிய கஷ்டம் வெர்னா. என்னன்னு நான் கேக்கக்கூடாது. கேக்கவும் மாட்டேன்.”

கடைசி நாற்காலிவரை மடித்துவிட்டுத்தான் போனார்.

அக்டோபர் 8

கூட்டத்தை நடத்தும் சங்கத்தின் தலைவி கிளெண்டா: “அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கிறோம், வெர்னா. கோவிச்சுக்காதே.” கோபம் எதற்கு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அக்டோபர் 11, சனி

டியர்னியே தொலைபேசியில் பேசினார். நான் சொன்னதைத் துண்டறிக்கையில் போடலாமா, ஒரு படத்தோடு? “உங்க ஒரு வார்த்தைக்கு இங்க இவ்வளவு மதிப்பா! நான் இந்தக் கவுண்டிக்குப் புதுசு, எனக்குத் தெரியவே தெரியாது.”

அவர் இருப்பது மாவட்டத்தின் மறுகோடியில். லோரனுக்கு அவன் அப்பாவின் குடும்பப் பெயர். என்னையும் அவனையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. சொல்லலாமா? சொன்னால் போட மாட்டார்.

“போடுங்க” என்றேன். பெரிய சாமர்த்தியசாலி என்று என்னை நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 20

எல்லா அஞ்சல் பெட்டியிலும் என் முகம். ஐந்து கவுண்டிக்கும் போயிருக்கிறதாம். மளிகைக்கடையில் ஒருத்தி கையைப் பிடித்து, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

டியர்னி ஜெயித்தார். மற்ற நான்கு கவுண்டியிலும் பின்தங்கியவர். எங்கள் கவுண்டிதான் தூக்கிவிட்டிருக்கிறது. நான்தான்.

கடவுளே, இனி அவன் வந்துவிடுவான், இல்லையா?

டிசம்பர் 19, வெள்ளி

புரூயிட் சந்தோஷத்தில் கத்தினார். “வெர்னா, ஹால்டேன் போறதுக்கு முன்னாடி வேற ஒரு வழக்குல தீர்ப்பு எழுதியிருக்காரு! நம்ம விஷயமேதான்! சாட்சி பேரு தாமதம், விசாரணை நீதிபதி விடலை, அது தப்புன்னு எழுதியிருக்காரு. ‘வக்கீலின் தாமதத்துக்காக ஒருவன் தன் வருஷங்களை இழக்கக் கூடாது.’ கேக்குதா உங்களுக்கு?”

கேட்டது.

“அவரே இருந்திருந்தா நமக்கு எவ்வளவு நல்லா இருந்திருக்கும்” என்றார். துண்டறிக்கை பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. புரூயிட் இருப்பது தலைநகரத்தில், துண்டறிக்கை அங்கே போகவில்லை.

பாவி. ஒரு மனுஷனை முகத்தைப் பாத்து முடிவு கட்டிட்டேனே. ஜூரி என் முகத்தைப் பாத்து முடிவு கட்டினப்ப எப்படித் துடிச்சேன். அதையே நான் செஞ்சேன். அதுவும் மைக்குல.

பிப்ரவரி 24, 2015, செவ்வாய்

டியர்னி லோரனின் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். கோப்பில் சாட்சிகள் பட்டியலில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். தாயார் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது.

புரூயிட் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே வெர்னா.”

வேறு மாவட்டத்திலிருந்து யாரோ ஒரு நீதிபதி வருவாராம். பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறிக்கவில்லை. யாரையும் இனி எடை போடுவதாக இல்லை.

மார்ச் 17

விசாரணை இருபது நிமிஷம். முகங்களைப் பார்க்காமல் என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 12, செவ்வாய்

மறு விசாரணை! மூன்று பேரும் ஒரே தீர்ப்பு. ஹால்டேன் எழுதிய வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் இறக்கிவிட்ட மனிதர் என் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மே 16

ஹால்டேனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எண்பது சொல்லில் முடியவில்லை. எண்ணூறிலும் முடியவில்லை. கடைசியில் இரண்டே வரி எழுதி, அஞ்சல் பெட்டிவரை போய், போட்டுவிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

புரூயிட் அலுவலகம். மேசை மேல் துண்டறிக்கை. என் படம் தலைகீழாகத் தெரிந்தது.

“உங்களைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது வெர்னா.”

“நான் பார்த்ததைத்தானே சொல்லப்போறேன்? அவன் அங்கதான் இருந்தான்!”

“எனக்குத் தெரியும். ஆனா அரசு வழக்கறிஞர் இதைக் கையில எடுத்து ஒரே கேள்வி கேப்பாரு. ‘மகனுக்காக மேடையில சாய்ஞ்சவங்க, கூண்டுல சாய மாட்டீங்களா?’ என்ன பதில் சொல்வீங்க?”

பத்தொன்பது வருஷம் சேர்த்துவைத்திருந்தது எந்தப் பக்கமும் சாயாதவள் என்ற அந்தப் பெயர் ஒன்றுதான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் வேறென்ன இருந்தது? அதையும் அவனுக்காகவே தொலைத்தேன்.

லோரனிடம் காரணத்தை நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 13, சனி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

இன்றும் சொல்லவில்லை. ஆர்விலுக்கு எண்பத்திரண்டு முடிந்தது. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, அவர் இருமினால் எனக்கு உயிர் போகிறது. தினமும் சூப் கொண்டுபோகிறேன். “ஏம்மா, என்னைக் கொழுக்க வச்சு வெட்டப் போறியா?” என்கிறார்.

அக்டோபர் 7, 2015, புதன்

இன்று மறு விசாரணை. ஆர்விலுக்குக் காது மந்தம். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்கச் சொன்னார். பம்ப்பைப் பற்றித் தேவைக்கு மேல் சொன்னார். லோரன் கையை வெட்டிக்கொண்டது, ஆர்வில் தன் மனைவியின் சமையலறைத் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டது, அப்போது வானொலியில் ஆறரை மணிச் செய்தி. நீதிபதி இடையில் புகவில்லை. ஜூரியில் ஒருவர் முன்னால் சாய்ந்து கேட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘அடுத்த சாட்சி’ என்ற இடத்தில் லோரன் திரும்பி என்னைப் பார்த்தான். புரூயிட் எழுந்து, “எங்கள் தரப்புச் சாட்சியம் முடிந்தது” என்றார்.

நான்கு மணிக்கு ஜூரி வந்தது. குற்றமில்லை.

ஆர்விலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன். நேற்று எங்கள் ஊரில் வேட்பாளர் கூட்டம் நடந்திருக்கிறது. தீயணைப்பு நிலையத்தைத் தாண்டும்போது பலகை இன்னும் வெளியே இருந்தது. ஆர்வில் தூங்கிவிட்டார். லோரன் ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தான்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவை நீ ஏன் சாட்சி சொல்ல வரல?”

“நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கடா.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எத்தனையோ நாளாக நான் கேட்காத சிரிப்பு.

“உன்னையா? இந்தக் கவுண்டியில உன்னை நம்பாதவன் எவன்மா?”

மளிகைக்கடையில் நிறுத்தச் சொன்னான், நிறுத்தினேன். அவன் உள்ளே போனான். அவன் முன்னால் யாராவது துண்டறிக்கையைப் பற்றிப் பேசிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளே போக மனமில்லை, வண்டியிலேயே இருந்துவிட்டேன்.