நீ அழிக்கச் சொன்ன பதிவு

நேற்றுக் காலை மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு வாரமாக வறட்டு இருமல். சுக்கும் சித்தரத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கடைக்கார பாய் யாருக்கோ அதிமதுரக் குச்சியை ஒடித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்ததும் என்னால் நகர முடியவில்லை. “வேற என்னங்கம்மா வேணும்?” என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். குரலுக்காக நீ எப்போதும் மென்றுகொண்டிருந்த குச்சி, உன் கைப்பையைத் திறந்தால் வருகிற வாசனை அது. சீப்பு, வீட்டுச் சாவி, கைக்குட்டை, பஸ் டிக்கெட் வரைக்கும் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு இரண்டரை வருடம் இருந்தது.

இசைக் கல்லூரித் தியரி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ வாய்ப்பாட்டு, நான் வயலின். கல்யாணமாகி நீ காரைக்கால் பக்கம் தலத்தெருவுக்கு வந்தாய். இரண்டு வருடம் கழித்து நானும் காரைக்காலுக்கே வாழ்க்கைப்பட்டு வந்தேன். திருமலைராயன்பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நீ பாட்டு டீச்சர். நீ பாடுகிற கச்சேரிக்கெல்லாம் வயலின் நான்தான். நீ மூச்சு எடுக்கிற விதத்திலேயே அடுத்து எங்கே போகப்போகிறாய் என்று தெரிந்துவிடும். எங்காவது குரல் பிசகினால் வில்லைக் கொஞ்சம் அழுத்தி இழுத்து மூடிவிடுவேன். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. உனக்கு மட்டும் தெரியும். கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது, “இன்னைக்கு ரெண்டு எடத்துல காப்பாத்துனடி” என்பாய்.

அப்புறம் உன் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டில் புற்று. எடுத்தாக வேண்டும் என்றார்கள். குரல் பழையபடியே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. பேச்சு வந்துவிட்டது. பாட்டில் மட்டும் மேல் ஸட்ஜம் வரவில்லை. ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவள் ஐந்துக்கு இறங்கினாய். பிறகு நாலரை, பிறகு நாலு. சுருதியை எவ்வளவு இறக்கினாலும் மேலே ஏறும்போது ஓர் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து நின்றுவிடும். ஒரு வருடம் எந்தக் கச்சேரியையும் நீ ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குப் பதிந்தேன். புத்தகங்களைப் புரட்டி எழுதுகிற ஆய்வு இல்லை அது. வாசிப்பவளே தன் வாசிப்பை ஆராய வேண்டும். புதிதாக ஒரு பாட்டு உருப்படியைக் கட்டி, கட்டிய விதத்தையும் எழுத வேண்டும். “ஒத்திகை எல்லாத்தையும் பதிவு பண்ணுங்கம்மா. உங்க கை எங்க மாறுதுன்னு அதுலதான் தெரியும்” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மாறிப்போன உன் குரலுக்காக ஒரு உருப்படி செய்வது, அதோடு சேர என் வயலின் எப்படி மாற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. உன்னை மறுபடி பாட வைத்துவிடலாம் என்ற ஆசையும் அதில் இருந்தது. இருந்தது என்பதை நீ நம்ப வேண்டும்.

முதலில் புன்னாகவராளி என்று முடிவு செய்துகொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

“மேல் ஸட்ஜத்தையே தொடாத ராகம்டி. உனக்குச் சிரமமே இருக்காது” என்றேன்.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நொண்டி நடக்குறதுக்குத் தோதா சந்து பார்த்துக் குடுக்கிறியா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டுச் சொன்னாய்: “பிலஹரி பண்ணுவோம். ஏணி மாதிரி நேரா மேல போற ராகம். ஒடையிற எடத்துக்கே போவோம். அங்க போனா என்ன ஆகுதுன்னு பார்ப்போம். அதாண்டி ஆராய்ச்சி.”

சனிக்கிழமைக் காலைகளில் உன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தோம். கடைசியில் மூன்றரைக் கட்டையில் வந்து நின்றாய். அதற்காகத் தந்திகளைத் தளர்த்தியபோது என் வயலினும் கரகரத்தது. “உன் வயலினுக்கும் ஆபரேஷன் ஆயிருச்சா?” என்று கேட்டு நீ சிரித்ததில், கீழேயிருந்து உன் மகள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து நீயும் எழுத ஆரம்பித்தாய். ‘மோர் குடித்த நாள், சீக்கிரம் உடைந்தது.’ ‘நின்றுகொண்டு பாடினால் அரை மூச்சு அதிகம் நிற்கிறது.’ எதற்கு இது என்று கேட்டதற்கு, “நீ மட்டுந்தான் டாக்டர் ஆவணுமா?” என்றாய்.

உன் குரல் உடையும்போதெல்லாம் நான் பழக்கதோஷத்தில் வில்லை அழுத்தி மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ நீ பாட்டை நிறுத்திவிட்டாய்.

“மூடாதடி. நான் விழுற எடம் தெரியட்டும். நீ சும்மா இரு.”

சும்மா இருப்பது எனக்கு வரவில்லை. வில் தானாகப் போயிற்று. அதைத் தந்திக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, உன் குரல் உடைவதை உடைவதாகவே கேட்பதற்கு மேலும் ஏழெட்டு வாரம் பிடித்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான். பக்கவாத்தியக்காரரின் மௌனம் குறித்து நான் கண்டடைந்தது என்று எழுதியிருக்கிறேன். நான் கண்டடைந்தேனாம்.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஃபேன் சத்தம் பதிவில் விழும் என்று நிறுத்தியிருந்தோம். இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. நீ மூன்று முறை ஏறினாய். மூன்று முறையும் தைவதத்தைத் தாண்டியதும் உடைந்தது. நாலாவது முறை உடைந்தபோது அழுதுவிட்டாய். ஆபரேஷன் சமயத்தில்கூட நீ அழுது நான் பார்த்ததில்லை. முகத்தை மூடிக்கொள்ளாமல், சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாய். அந்த அழுகை அடங்குகிற மூச்சிலேயே, கீழே மந்தர பஞ்சமத்தில் ஆரம்பித்து ஒரு சங்கதி பாடினாய். நாம் எழுதி வைத்ததில் அது இல்லை. கனமாக, கொஞ்சம் மணல் கலந்தாற்போல ஒரு குரல். உனக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது.

“எங்கிட்ட இது இருக்குதுடி” என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். பிறகுதான் ஜன்னல் ஓரத்தில் இருந்த என் போனைப் பார்த்தாய்.

“ஓடிக்கிட்டா இருந்துச்சு?”

“ஆமாடி.”

“அழுதத அழிச்சுடு.”

“சரி.”

அழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். அழுகையை வெட்டிப் பார்த்தால் பாட்டு அந்தரத்தில் நின்றது. ஒரே மூச்சு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த சனிக்கிழமை கேட்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்கவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கு. ‘ஒரு பாடகி’ என்று மட்டும் சொல்லி அந்தப் பதிவை ஒலிக்கவிட்டேன். உன் அழுகை அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு நீ பாடியது கேட்டது. முடிந்ததும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? யாரோ அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அது கைமாறிக் கைமாறி உன் பள்ளிக்கூடம் இருக்கிற பட்டினம் வரைக்கும் வந்துவிட்டது.

நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினாய்.

“ஆறாம் கிளாஸ்ல படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா பள்ளிக்கூட வாசல்ல வந்து என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. ‘டீச்சர், நீங்க அழுதது எங்க போனுக்கு வந்துச்சு, எங்க ஊட்டுல எல்லாரும் அழுதுட்டோம்’னாங்க. எதச் சொல்றாங்கன்னே எனக்கு மொதல்ல புரியல.”

“நான் உன் பேரச் சொல்லலடி.”

“என் குரல் போதாதா? அவங்க பொண்ணு தெனம் கேக்குற குரல்.”

“அதுக்கப்புறம் நீ பாடுனியே, அத எல்லாரும் கேக்கணும்னுதான்...”

“பாட்டப் பத்தி அவங்க ஒரு வார்த்தை சொல்லல. அழுததத்தான் சொன்னாங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். “விழுற எடத்தக் காட்டுவோம்னு சொன்னவ நாந்தான். யாருக்குக் காட்டணும், எப்பக் காட்டணும்னும் நாந்தான சொல்லியிருக்கணும்?”

நீ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு, இருவரும் அழுது, அன்றைக்கே முடிந்திருக்குமோ என்னவோ. காபியைக் குடித்து முடித்தாய். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாய். வாசல் வரைக்கும்கூட நான் வரவில்லை.

அன்று மாலையே மன்னிப்புக் கேட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். போனில் இரண்டு திரைக்கு நீண்டது. இப்போது எடுத்துப் படித்தால் அதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இசைக்கு அது எவ்வளவு முக்கியம், ஆய்வுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று முழுக்க விளக்கம். நீ ‘சரி’ என்று பதில் போட்டாய். அதோடு சனிக்கிழமைகள் நின்றன.

ஆய்வேட்டை முடித்தேன். அத்தியாயம் அப்படியே இருந்தது. பதிவும் இணைப்பாக அப்படியே போயிற்று. வாய்மொழித் தேர்வில் அதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். பட்டம் வந்தது. உன்னைக் கூப்பிடவில்லை. கடைத்தெருவில் ஒரு தடவை எதிரே வந்தாய். “நல்லா இருக்கியாடி?” என்றாய். “இருக்கேன்” என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய்.

நோய் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்று உன் மகள்தான் போனில் சொன்னாள். அதற்கப்புறமும் பதினைந்து நாள் கழித்துத்தான் வந்தேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். பேச்சு மூச்சோடு சேர்ந்து மெல்ல வந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழியெல்லாம் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“டாக்டர் ஆயிட்டியாமே. நல்லா இரு” என்றாய். பிறகு என் கையைப் பார்த்தாய். “வயலின் எடுத்துட்டு வரலயா?”

“இல்லடி.”

“எடுத்துட்டு வந்திருக்கலாம்.”

எடுத்து வந்தால் வெட்கங்கெட்டவள் என்று நினைப்பாயோ என்று, கிளம்பும்போது கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு வந்திருந்தேன். “அடுத்த வாரம் கொண்டாறேன்” என்றேன். அடுத்த வாரம் சுரக்குடியில் ஒரு கல்யாணக் கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரம் வந்துவிடலாம் என்று நினைத்தேன். நீ காத்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபிறகு உன் மகளிடம் ஒன்று கேட்டேன். ஆய்வேடு புத்தகமாக வரப்போகிறது, அதில் பிலஹரி உருப்படியைச் செய்தவர்கள் இருவர் என்று எழுதி அம்மா பேரைப் போடட்டுமா என்று. அவள் கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டே யோசித்தாள்.

“அம்மா கேக்காதத இப்ப எதுக்கு அத்தை? போட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். அம்மாவுக்கு?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உன்னைப் போலவே சொன்னாள். புத்தகம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்திலும் உன் பேரை எழுதவில்லை.

அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இணையத்தில் ஆய்வேட்டோடு இருக்கிற ஒலிப்பதிவை எடுத்துவிட வேண்டும், பாடியவரின் சம்மதம் இல்லாமல் சேர்த்தது என்று நாலே வரி. மறுநாளே எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. ஒரு நாள் வேலை. உன் இரண்டரை வருடத்தில் ஏதாவது ஒரு நாளில் நான் செய்திருக்கக்கூடியது. யார் யார் போனிலோ இன்னும் இருக்கிறது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. என்னிடம் இருந்ததை அன்றைக்கே அழித்தேன். அழுததை மட்டும்தான் நீ அழிக்கச் சொன்னாய். எனக்குப் பிரித்து எடுக்கத் தெரியவில்லை. பாட்டும் சேர்ந்து போய்விட்டது.

இப்போது தினமும் காலையில் தந்திகளைத் தளர்த்தி வைத்துக்கொண்டு அந்தச் சங்கதியை வாசித்துப் பார்க்கிறேன். மந்தர பஞ்சமத்தில் ஆரம்பித்தாய், அது நிச்சயம். ரிஷபத்துக்கு வருவதற்கு முன் கொஞ்சம் நின்றாயா, வழுக்கிக்கொண்டு வந்தாயா என்பது ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தோன்றுகிறது. இன்று வாசித்தது மிக அழகாக வந்தது. அவ்வளவு அழகாக வந்ததாலேயே அது நீ பாடியது இல்லையோ என்று சந்தேகமாகிவிட்டது. சரியா தப்பா என்று சொல்ல நீ இல்லை. எது உன் பாட்டு, எது என் கை சேர்த்தது என்று தெரியாமலே வாசிக்கிறேன். பதிவு செய்வதில்லை.